சுண்ணாம்பு படாத கல்

அந்த இரண்டு மூட்டை சிமெண்டை நான் ஏற்றியிருக்கக் கூடாது. எதற்கு, யாருக்கு என்று கேட்காமல் ஏற்றுவதுதான் என் தொழில் என்று ஊரெல்லாம் பெருமையடித்துத் திரிந்தவன் நான். ஸம்ரா மலையிலிருந்து மெத்னீன் சந்தைக்கும், சந்தையிலிருந்து மலைக்கும் ஆடு, எண்ணெய்ப் பீப்பாய், கல்யாணப் பெண், பிணம் என்று எல்லாம் ஏற்றியாகிவிட்டது. வண்டிக்கு என் பெண்டாட்டியைவிட நாலு வயது அதிகம். சத்தத்தில் இரண்டு பேருக்கும் போட்டி. வாயை மூடிக்கொண்டு ஓட்டுவதால்தான் ஜிலானிக்கு எல்லா வீட்டிலும் தேநீர் கிடைக்கிறது என்று ஒரு பெயர் எனக்கு. நல்ல பெயர்தான். நாசமாய்ப் போக.

எங்கள் மலையில் மழை என்பது வருஷத்தில் நாலைந்து நாள். பெய்தால் வழுக்கைப் பாறையில் உருண்டு ஓடைக்குள் இறங்கி, ஒரு மணி நேரத்தில் கடலைப் பார்க்கப் போய்விடும். அதை மறித்துப் பிழைக்கிற பிழைப்பு எங்களுடையது. ஓடைக்குக் குறுக்கே மண்கரை. கரைக்கு மேல்பக்கம் வெள்ளம் கொண்டுவந்து சேர்த்த வண்டல். அந்த வண்டலில்தான் அத்தியும் ஆலிவும் வாதுமையும் நிற்கும். மற்றபடி மலை முழுக்க மொட்டைக் கல். கரையின் ஓரத்தில் கல்லால் ஒரு கலிங்கு இருக்கும். இவனுக்கு நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாகக் கீழே இருக்கிறவனுக்குப் போகும். அவனுக்கு நிறைந்தால் அவனுக்கும் கீழே. இப்படி ஓடையின் தலையிலிருந்து வாய் வரை முப்பத்திரண்டு கரைகள்.

அந்த முப்பத்திரண்டில் இருபது கலிங்குகளாவது ஃபெர்ஜானி அண்ணன் கட்டியவை. அவர் கை வைத்தால் கல் பேசும் என்பார்கள். ஆனால் அவர் பேச மாட்டார். கலிங்கு எவ்வளவு உயரம் என்பதில்தான் எங்கள் ஊரில் அண்ணன் தம்பி வெட்டுக்குத்து எல்லாம் நடந்திருக்கிறது. ஒரு சாண் உயர்த்தினால் மேலே இருக்கிறவனுக்கு ஒரு சாண் தண்ணீர் கூட, கீழே இருக்கிறவன் வாயில் மண். அதனால் கீழ்க்கரைக்காரனைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டுதான் அண்ணன் மட்டம் பார்ப்பார். அவர் வைத்த மட்டத்தை மறுத்து யாரும் பேசியதில்லை.

அவருக்கு இன்னொரு கண்டிப்பு உண்டு. கலிங்கின் அடிக்கட்டு எல்லாம் சுண்ணாம்பு போட்டுக் கட்டுவார். மேல் வரிசையை மட்டும் வெறும் கல்லாக அடுக்குவார். "மேக்கல்லுல சுண்ணாம்பு படக்கூடாது" என்பார். பெருவெள்ளம் வந்து கரை தாங்காது என்று தோன்றினால் கடப்பாரையால் ஒரு நெம்பு. கல் உருண்டு விழும், தண்ணீர் இறங்கும், கரை பிழைக்கும். கட்டி முடித்ததும் சொந்தக்காரன் கையில் கடப்பாரையைக் கொடுத்து, "தள்ளிப் பாரு" என்பார். கல் விழுந்த பிறகுதான் கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

அவருக்கு ஒரே மகன். வஜ்தி. ஒன்பது வயதில் அப்பா போட்ட குழியில் அவன் ஒரு அத்திக்குச்சியை நட்டான். கரைக்கு மேலே வண்டல் ஆழமான இடம். மரம் அவனோடு சேர்ந்து வளர்ந்தது, அவனைவிட வேகமாக. கூடப் படித்தவன் ஒருத்தன் பிரான்சிலிருந்து போட்டோ அனுப்பினான். அதற்குப் பிறகு அவனுக்கு மலையில் கால் நிற்கவில்லை. இருபத்திரண்டு வயதில், விடியற்காலையில், ஒரு பையோடு என் வண்டியில் ஏறினான். "ஜர்ஜீஸ் ரோட்டுல எறக்கி விடு மாமா" என்றான். கடற்கரைக்கு எதற்குப் போகிறான் என்று எனக்குத் தெரியாதா? இறக்கி விட்டேன். காசு வாங்கவில்லை, அதுதான் நான் செய்த நல்ல காரியம்.

படகில் முப்பத்தாறு பேர். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை, உடம்பும் வரவில்லை.

பெருநாள் காலையில் எங்கள் ஊரில் எல்லோரும் கப்ருஸ்தானுக்குப் போவார்கள். தலைமாட்டுக் கல்லைத் துடைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன பண்டத்தை வருகிறவர் போகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். அண்ணன் பெண்டாட்டி மஹ்பூபா மதினிக்குப் போக இடமில்லை. அவர் அத்திமரத்தடிக்குப் போனார். வறுத்த வாற்கோதுமை மாவில் எண்ணெய் விட்டுப் பிசைந்த உருண்டை, அந்த மரத்திலேயே காய்த்து வெயிலில் உலர்த்திய அத்திப்பழம், ஒரு தட்டு. மரத்தடியில் உட்கார்ந்து பாதையில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கொடுப்பார். முதல் வருஷம் ஊருக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகு கப்ருஸ்தானிலிருந்து திரும்புகிறவர்கள் அந்த வழியாகவே வர ஆரம்பித்தார்கள்.

பிறகு மழை நின்றது. ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்றாவது வருஷமும். பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட மதினி வாளியில் பிடித்துக்கொண்டு போவதை நான் பார்ப்பேன். வீட்டு நிலத்தொட்டியில் குடிக்க வைத்திருந்த தண்ணீரிலும் தினம் இரண்டு கேன் கழுதை முதுகில் அத்திக்குப் போயிற்று. அண்ணன் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். மூன்றாவது வருஷம் ஆடி வெயிலில் மரம் இலையைக் கொட்டிவிட்டது. பச்சையாகவே உதிர்ந்தது.

செப்டம்பரில் அண்ணனை மெத்னீனுக்குக் கண் அறுவைக்குக் கூட்டிப் போனேன். அங்கே அவருடைய தங்கை வீடு இருந்தது, பத்து நாள் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். திரும்பும்போது மதினி மட்டும் என் பக்கத்து இருக்கையில். சந்தை தாண்டும்போது சொன்னார்:

"தம்பி, ரெண்டு மூட்டை சிமெண்டு எடுத்துப் போட்டுக்க."

"அண்ணன் சொன்னாகளா?"

"அவுக கண்ணக் கட்டிட்டுக் கெடக்காக, எங்கிட்டுச் சொல்ல? நம்ம தொட்டி வாயி ஒடஞ்சு கெடக்குல்ல."

அன்று காலையில்தான் அந்தத் தொட்டி வாயில் உட்கார்ந்து தண்ணீர் மொண்டு குடித்திருந்தேன். ஒரு கீறல் இல்லை.

"ஆள் விடவா மதினி, பூச?"

"முப்பது வருஷமா கொத்தன் வீட்டுல சோறாக்குறேன். எனக்குப் பூசத் தெரியாதா?" சிரித்தார். மகன் போனபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனமில்லை என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கேட்கிற பழக்கம் இல்லை, அவ்வளவுதான். மூட்டையை வீட்டில் இறக்கவில்லை. "இங்கயே போட்ரு, கழுதை கொண்டுபோயிரும்" என்று கரையோரப் பாதையில் இறக்கச் சொன்னார். இறக்கினேன்.

பத்தாம் நாள் அண்ணனை ஏற்றிக்கொண்டு வந்தேன். இடது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டு. ஒரு மாதம் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓடை வளைவில், "நிப்பாட்டு" என்றார்.

கைத்தடியோடு தன் கரைமேல் நடந்தார். நான் பின்னால் போனேன். மூன்று வருஷ வெயிலில் கரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுக்கரையில் எலி வளைகள், கை நுழைகிற அளவுக்கு. மழைக்கு முன்னால் அதையெல்லாம் மண் குத்தி, மிதித்து அடைக்க வேண்டும். அது குனிந்து செய்கிற வேலை.

"தூஹாமிகிட்டச் சொன்னா ரெண்டு நாள்ல அடச்சுக் குடுப்பான்ல?" என்றேன். தூஹாமி அவர் தம்பி. கீழ்க்கரை அவனுடையது, நாற்பது ஆலிவ்.

"அவங் கரையே அவனுக்குத் தலைக்கு மேல கெடக்கு. நான் ஒரு மாசத்துல குனிஞ்சிருவேன். வானத்தப் பாரு, ஒரு பஞ்சு இருக்கா?"

கலிங்குக்கு வந்தார். நின்றார். பழைய மட்டத்துக்கு மேலே இரண்டு வரிசைக் கல் ஏறியிருந்தது. மேலே சேறு பூசி, பழசு மாதிரி காட்டியிருந்தது. ஒற்றைக் கண்ணோடு இருக்கிற மனுஷனுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். செருப்புக் காலால் கல்லை ஒருமுறை தடவினார். பிறகு திரும்பி மொட்டை அத்தியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"போலாம். தேத்தண்ணி குடிக்கணும்" என்றார்.

நான்கு வாரம் கழித்து மழை வந்தது. மத்தியான நேரம். மேற்கே மலைத்தலை கறுத்து, கல்லைப் பிளக்கிற மாதிரி ஒரு இடி. நான் எண்ணெய்ச் செக்குக்குப் பீப்பாய் ஏற்றிக்கொண்டு போனவன், ஓடை வளைவில் தண்ணீர் குறுக்கே வந்துவிட்டதால் நின்றுவிட்டேன். மதினி கரைமேல் தலைத்துணியெல்லாம் நனைந்து நின்றார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினார்.

"வந்துருச்சு தம்பி! பாரு, வந்துருச்சு!"

செங்காவித் தண்ணீர் நுரைத்துக்கொண்டு உள்ளே ஏறியது. முதலில் அத்தியின் தூரைச் சுற்றி வட்டம் போட்டது. பிறகு முழங்கால் அளவு. பிறகு இடுப்பளவு. எனக்கும் சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? மூன்று வருஷம் கழித்துத் தண்ணீரைப் பார்க்கிற எவனுக்கும் அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யாது. "குடிடா, குடிடா எந் தங்கம்" என்று மதினி மரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் வந்தார். கட்டு பிரித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. தோளில் கடப்பாரை. அவசரமில்லாமல்தான் வந்தார், வழக்கமாகச் செய்கிற வேலைக்கு வருகிறவர் மாதிரி. தண்ணீர் பழைய மட்டத்தைத் தாண்டி ஒரு முழம் ஏறியிருந்தது. அவர் கலிங்குத் தோளில் இறங்கி நின்று, மேல்கல்லின் இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்.

கல் அசையவில்லை.

இடம் மாற்றி இன்னொரு நெம்பு. பூசின சேறு மழையில் கரைந்து போயிருந்தது. உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் சிமெண்ட் தெரிந்தது. அண்ணன் தலையைத் தூக்கி மதினியைப் பார்த்தார். மதினி வாயைப் பொத்திக்கொண்டார். பேச நேரமில்லை. அண்ணன் கடப்பாரையைத் தூக்கிக் குத்த ஆரம்பித்தார். நான் வண்டியிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மதினி வெறுங்கையால் கல்லைப் பிடித்து இழுத்தார். குத்தக் குத்தப் பொடிதான் உதிர்ந்தது. முப்பது வருஷம் கொத்தன் வீட்டில் சோறாக்கியவர் கலவையைக் குறையில்லாமல் கலந்திருந்தார்.

நடுக்கரையில், எலி வளை இருந்த இடத்தில், கீழ்ப்பக்கமாக ஒரு செந்நீர் ஊற்று பீய்ச்சியது. கை அளவு, பிறகு குடத்தின் வாய் அளவு. "ஏறு! மேல ஏறு!" என்று அண்ணன் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். நாங்கள் பாறைக்குத் தாவவும் கரை உட்காரவும் சரியாக இருந்தது.

அத்தி விழவில்லை. நின்றவாக்கிலேயே தன் மண்ணோடு நகர்ந்தது. இருபதடி தூரம் அப்படியே போய், கரை இருந்த இடம் வந்ததும்தான் சாய்ந்தது. மதினி அதன் பின்னால் ஓடினார். அண்ணன் முந்தானையைப் பிடித்து இழுத்து, தரையில் தள்ளி, மேலே விழுந்து அமுக்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கீழே லாரியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது தூஹாமியின் கரை.

ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் சுவரோரம் ஊர் கூடியது. ஊர்ப் பெரியவர் ஹாஜி மிஃப்தாஹ்தான் கேட்டார்.

"ஃபெர்ஜானி, கலிங்கு ரெண்டு வரிச ஒசந்துருக்கு. யாரக் கேட்டு ஒசத்தின?"

"யாரயும் கேக்கல."

"ஒசத்தினது யாரு?"

"நாந்தான்."

தூஹாமி எழுந்தான்.

"எனக்கு மட்டம் வச்சது யாருண்ணே? நீதான. 'ஒரு மொழம், அதுக்கு மேல ஒரு வெரக்கட கூடாதுடா தம்பி'ன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"எங்கய்யா வச்ச மரம்ண்ணே எல்லாம். நாப்பது. ஒனக்கும் எனக்கும் ஒரே அய்யாதான?"

அண்ணன் தலையாட்டினார். "ஒரே அய்யாதான்" என்றார்.

"சிமெண்டு வச்சா கட்டுன? நீயா? ஒங்கையாலயா?"

"எங்கையாலதான்."

தூஹாமி அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உட்கார்ந்துவிட்டான். சிமெண்ட் எப்படி மலைக்கு வந்தது என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு ஆறுதல்.

எங்கள் வழக்கம் ஒன்றுதான். கரை உடைந்தால் அடுத்த ஞாயிறு ஊரே மண்வெட்டியோடு வரும், மூன்று நாளில் கரை எழும்பிவிடும். கேட்காமல் கலிங்கை உயர்த்தி உடைத்தவனுக்கு மட்டும் யாரும் வரமாட்டார்கள். அபராதம் கிடையாது, ஏச்சு கிடையாது. வரமாட்டார்கள், அவ்வளவுதான். இனி அவர் யாருக்கும் மட்டம் வைக்க முடியாது என்பதும் அதிலேயே அடக்கம்.

இதெல்லாம் தெரிந்தும் மதினி ஞாயிற்றுக்கிழமை முப்பது பேருக்கு ரொட்டி சுட்டார். "வேண்டாம்னு சொன்னேன், கேக்கல" என்றார் அண்ணன். அடுப்படியில் அடுக்கின ரொட்டி மேல் துணி போர்த்தியிருந்தது. பக்கத்தில் பெரிய கெட்டில், நிறையக் கண்ணாடித் தம்ளர்கள். வெயில் உச்சிக்கு வந்தபோது மதினி தம்ளர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். நான் மண்வெட்டி எடுத்துப் போகவில்லை. ஊருக்குப் பயந்தவன் நான். ஆனால் போய் உட்கார்ந்து ஒரு ரொட்டி தின்றேன்.

மதினி கழுதைக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில் கேட்டேன்:

"அண்ணே, நீங்க ஏன் ஒங்க தலையில போட்டுக்கிட்டீக? சிமெண்டு கொண்டாந்தது நான்."

"தெரியும். அன்னைக்கே ஒன் வண்டித்தடத்தப் பாத்தேன், சிமெண்டுன்னு வெள்ளத்தன்னைக்குத்தான் வெளங்குச்சு."

"அப்ப அன்னைக்கே..."

"கால வச்ச ஒடனே தெரிஞ்சுருச்சு ஜிலானி. ரெண்டு வரிச. எங் கலிங்குல ஒரு கல்லு கூடினா எனக்குத் தெரியாதா?" தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "இடிக்கணும்னுதான் நெனச்சேன். அந்த மரத்தப் பாத்தேன். ஒரு வெள்ளம், ஒரே ஒரு வெள்ளம் ரெண்டு வரிச கூட நின்னா வேர் வரைக்கும் எறங்கும். பெறகு தள்ளிவிட்ரலாம். அவளுக்கும் தெரிய வேணாம், தம்பிக்கும் தெரிய வேணாம். மேக்கல்லுதான, ஒரு நெம்புல போயிரும்னு..." நிறுத்தினார். "சுண்ணாம்பு படாத கல்லுன்னு நெனச்சுட்டேன். எங்கூட முப்பது வருஷம் இருந்தவளுக்கு அது தெரியும்னு நெனச்சுட்டேன். அவகிட்ட நான் ஒருநாளும் சொன்னதில்ல. ஊருக்கெல்லாம் சொன்னேன்."

ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டு, கெட்டிலிலிருந்து அவருக்கு வேறு ஊற்றினேன்.

இரண்டு நாள் கழித்து மதினி என் வண்டியை நிறுத்தினார். "தூஹாமி வீட்டுக்கு விடு" என்றார். தூஹாமி தன் நிலத்தில், நிலம் இருந்த இடத்தில், கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். மண் போய்ப் பாறை தெரிந்தது. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து வெள்ளம் வெள்ளமாகச் சேர்ந்த மண். நாற்பதில் ஓரத்து மரம் நாலுதான் நின்றது. உடைப்பின் அடியில் வஜ்தியின் அத்தி வேர் மேலாகக் கிடந்தது. ஈரத்தில் கிடந்ததால் கணுக்களில் பச்சை முளைகள் விட்டிருந்தன.

"தூஹாமி, ஒங்கண்ணன் ஒசத்தல. நாந்தான். அவுக ஆஸ்பத்திரியில இருந்தப்ப நானே கட்டினேன். சிமெண்டு போட்டதும் நாந்தான். ஊரைக் கூட்டு, வந்து சொல்றேன்."

அவன் கையிலிருந்த கல்லைப் போடவில்லை.

"தெரியும் மதினி."

"தெரியுமா?"

"அவனாவது மேக்கல்லுல சிமெண்டு வைக்கிறதாவது. அன்னைக்குக் கூடியிருந்த அத்தன பேத்துக்கும் தெரியும். ஹாஜிக்கும் தெரியும். புள்ளையக் கடல்ல விட்டவள நடுவுல நிப்பாட்டிக் கேக்கச் சொல்றீகளா? அவன் நாந்தான்னான், நாங்க சரின்னுட்டோம்."

"அப்ப அவுக மேல எதுக்கு இம்புட்டுக் கோவம்?"

"நாப்பதுல நாலுதான் மிச்சம் மதினி." அவன் குரல் உடைந்தது. "யார் மேலயாச்சும் கோவப்பட வேணாமா நான்?"

பிறகு அவன் அத்தியைக் காட்டி, "எடுத்துட்டுப் போறீகளா?" என்றான். மதினி போய் மரத்தைத் தொட்டுப் பார்த்தார். முளை விட்டிருந்த ஒரு கிளையை ஒடிக்கப் போனார். பிறகு கையை எடுத்துவிட்டார். "நட எங்களுக்கு மண்ணு ஏது?" என்றார்.

திரும்பும் வழியில் என்னால் அடக்க முடியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக, யாரும் கேட்காமல் ஒன்றைச் சொன்னேன்.

"மதினி, அண்ணனுக்கு முன்னாடியே தெரியும். கண்ணுக்கட்டோட வந்த அன்னைக்கே பாத்துட்டாக. மரத்துக்காக விட்டுட்டாக. வெறுங்கல்லுன்னு நெனச்சுட்டாக."

அவர் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சா இடிச்சிருவாகன்னுதான தம்பி நான் சிமெண்டு வச்சேன். பொசுக்குன்னு கடப்பாரையில நெம்பிட்டா? அவுக கைக்கு அசையக் கூடாதுன்னுதான் வச்சேன்." முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். "ஒத்த வார்த்த. ஏன்டி இப்படிச் செஞ்சேன்னு ஒத்த வார்த்த கேட்டிருந்தா ரெண்டு பேருமா எறக்கிருப்போமே."

நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

ஹஜ்ஜுப் பெருநாள் மூன்று வாரத்தில் வந்தது. தொழுகை முடிந்து நடக்க முடியாத கிழவர்களைக் கப்ருஸ்தானில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஓடை வளைவில் மதினி தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தட்டின் மேல் வெள்ளைத் துணி. பழக்கத்தில் கால் அங்கே கூட்டி வந்துவிட்டது. கீழே இறங்கினால் மரமும் இல்லை, மரம் நின்ற தரையும் இல்லை. இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம். அவர் போகவும் முடியாமல், திரும்பவும் முடியாமல் நின்றார். நான் வண்டியை அணைத்துவிட்டு உள்ளேயே இருந்தேன்.

அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் கலிங்கு மட்டும் நின்றது. கரை முழுக்கப் போய், பக்கத்தில் எதுவுமே இல்லாமல், அடிக்கட்டும் அதன்மேல் மதினி வைத்த இரண்டு வரிசையும் அப்படியே. வெள்ளத்தால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த மூன்று வாரமும் அண்ணன் அங்கே தனியாகக் கூடையில் மண் சுமந்துகொண்டிருந்தார். ஒரு ஆள் சுமந்தால் அந்தக் கரை எத்தனை வருஷத்தில் எழும்பும் என்று அவருக்குத் தெரியாததல்ல. அன்றும் பெருநாள் சட்டையோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மதினியைப் பார்த்ததும் எழுந்து மேலே வந்தார்.

"கடப்பார எங்க?" என்றார் மதினி. "அத ஒடச்சுப் போட்ருங்க. அது நிக்கிறதப் பாக்க முடியல என்னால."

"ஒடைக்கல."

"எனக்குச் சூடு வைக்கவா விட்டு வச்சிருக்கீக?"

"இல்லடி." அவர் தட்டை வாங்கி ஒரு கையில் வைத்துக்கொண்டார். இன்னொரு கையால் மதினியின் மணிக்கட்டைப் பிடித்தார். எங்கள் ஊரில் பாதையோரத்தில் எவனும் பெண்டாட்டி கையைப் பிடிக்க மாட்டான். "அவனுக்குன்னு ஒரு கல்லு இல்லியேன்னு நாலு வருஷமா அழுத. வந்து பாரு. நீயே கட்டிருக்க. நான்கூட இம்புட்டு ஒறுதியாக் கட்டினதில்ல."

மதினி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கலிங்கைப் பார்த்தார். அண்ணன் மெல்ல இறக்கிக் கூட்டிப் போனார். மதினி தலைத்துணியின் நுனியால் கல்லின் மேலிருந்த காய்ந்த சேற்றைத் துடைத்தார். கடப்பாரை குத்திய வடுக்களில் விரலைவிட்டுத் துடைத்தார். அப்புறம் அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, படகு போன நாளிலிருந்து ஊர் கேட்டிராத சத்தத்தில் அழுதார். அண்ணன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து மதினி தலையைத் தூக்கி, பாதையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஜிலானி! எறங்கி வா தம்பி. ஒரு வாய் எடுத்துட்டுப் போ."

இறங்கிப் போனேன். மாவுருண்டையும் நாலைந்து உலர்ந்த அத்தியும் இருந்தன. அந்த மரம் கடைசியாகக் காய்த்த வருஷத்துப் பழம், பானையின் அடியில் மிச்சம் கிடந்தது என்றார். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். கப்ருஸ்தானில் விட்டுவந்த கிழவர்களை ஏற்றப் போகிற வரைக்கும் அதை மெல்லாமல் வைத்திருந்தேன்.